ஹம்ப்டன் தோட்டத்து நுரைத் தொட்டிகள்

ஜமேக்காத் தீவின் வடகரையில் ஃபால்மத் என்னும் பழைய துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கிருந்து உள்நாடு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் ஹம்ப்டன் தோட்டத்தை அடையலாம். அதன் வடிசாலையை நெருங்குமுன்னரே ஒரு மணம் நம்மை எதிர்கொள்ளும். அளிந்த அன்னாசி, கனிந்த வாழை, இவற்றினூடே புளித்த காடி! நறுமணம், துர்மணம் ஆகிய இரண்டையுமே முன்னோர் 'நாற்றம்' என்றனர். இவ்விடத்துக்கு அச்சொல்லே பொருந்தும்.

1753 முதல் வரலாறுடைய இத்தோட்டத்தில் கரும்பு வெட்டியோர் ஆபிரிக்க அடிமைகள். 1838 இலேயே அவர்களுக்கு முழு விடுதலை கிட்டிற்று. அவர்தம் உழைப்பின்மேல் எழுந்ததே இங்குள்ள றம் தொழில் என்பதை நாம் மறத்தலாகாது.

சீனி பிரிந்தபின் எஞ்சும் கரும்பாணியில் ஏறக்குறையப் பாதி இன்னமும் சர்க்கரையே. ஆயினும் அத்தடித்த பாணியில் மதுவம் வளர மாட்டாது. நம் வீட்டுப் பனம்பாணி நெடுநாள் கெடாதிருப்பதும் இதனாலன்றோ? நீர்விட்டு இளக்கியதும் நொதித்தல் தொடங்குகிறது; சர்க்கரை அற்ககோலாக மாற, காபனீரொட்சைட்டு நுரைத்தெழுகிறது.

புதிய ஆலைகள் பலவற்றில் தெரிந்தெடுத்த மதுவத்தை இட்டு ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடுவர். ஹம்ப்டனிலோ மதுவம் இடுவார் இல்லை. நம் கள்ளு முட்டியிற் போலவே, காற்றிலும் பழைய மரத்தொட்டியிலும் வாழ்வனவே அப்பணியைச் செய்கின்றன. முன்னைய வடிப்பில் எஞ்சிய புளித்த நீரையும், குழியில் ஊறவைத்த கழிவுச் சேற்றையும் சேர்த்து, ஒரு வாரத்துக்கு மேலும் விட்டுவைப்பர். மதுவம் ஓய, பற்றீரியாக்கள் அமிலங்களை உண்டாக்கும். அவற்றுள் பியூற்றிரிக் அமிலம் ஊசிய வெண்ணெய்போல் நாறும். அதுவே அற்ககோலுடன் கூடி எசுத்தராகும்போது அன்னாசி மணம் கமழ்கிறது! குமட்டும் பொருளே நறுமணத்தின் தாய் என்பதை நினைக்கையில் வியப்பே மிகுகிறது.

தாமதிப்பதால் அற்ககோல் ஓரளவு குறையும். எனினும் அதைப் பொறுத்தமைக்குக் காரணம் இருந்தது. 1889 இல் ஜேர்மனி இறக்குமதி றம்மின் தீர்வையை உயர்த்தவே, சிறிதளவால் பெருமளவு உள்ளூர் மதுவுக்கு மணமூட்டவல்ல றம்மை வணிகர் நாடினர். இன்று ஹம்ப்டனின் உச்சவகையில், நூறு லீற்றர் தூய அற்ககோலுக்கு 1600 கிராம் வரை எசுத்தர் இருக்கலாம்.

நெடுங்காலம் அது மொத்தமாக விற்கப்பட்டுப் பிறருடைய கலவைகளுள் பெயரின்றிக் கரைந்தது. 2009 இல் தோட்டம் கைமாறிய பின்னரே, ஹம்ப்டன் என்னும் பெயர் புட்டிகளின்மேல் பரவலாகக் காணப்படலாயிற்று.