நூத்துக்கு எழுபத்தெட்டு!

நாளைக்கு மழை பெய்ய 22 சதவிகிதம் வாய்ப்புன்னு சொன்னா, குடை எடுத்துட்டுப் போவீங்களா? மாட்டீங்க. நானும் மாட்டேன். நனைஞ்சா தலையைத் துவட்டிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனா, அதே 22 சதவிகிதத்துல உங்க ரூம்மேட்டோட எக்ஸாம் ஃபீஸ் மாட்டியிருந்தா?

2022 நவம்பர். கத்தார்ல உலகக் கோப்பை. நான் அப்போ மூணாம் வருஷம். மினி புராஜெக்ட்டுக்கு ஆளாளுக்கு சீனியர்கிட்டேர்ந்து பென்டிரைவ் வாங்கித் தூசி தட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் மட்டும் வீராப்பா ஒரு தலைப்பு கொடுத்தேன். 'செயற்கை நுண்ணறிவு மூலம் சர்வதேசக் கால்பந்து முடிவுகளைக் கணித்தல்'. கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "ஜோசியம்னு ஒரே வார்த்தையில எழுதியிருக்கலாமேப்பா" என்றார்.

டேட்டாவுக்குப் பஞ்சமே இல்லை. இன்டர்நெட்ல இலவசமாவே கிடைக்குது. நூத்தைம்பது வருஷத்து சர்வதேச மேட்ச்கள், நாற்பதாயிரத்துக்கும் மேலே. முதல் வரியில என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? 1872 நவம்பர் 30, கிளாஸ்கோ. ஸ்காட்லாந்து 0, இங்கிலாந்து 0. உலகத்தோட முதல் சர்வதேச மேட்ச்சே டிரா! அதைப் பார்த்ததுமே லேப்டாப்பை மூடியிருக்கணும். விதி யாரை விட்டது?

முதல்ல பெரிய நியூரல் நெட்வொர்க் ஒண்ணு போட்டேன். பழைய மேட்ச்களைக் கேட்டா பிரமாதமா சொல்லுச்சு. புதுசா ஒண்ணு கேட்டா திருதிருன்னு முழிச்சுது. நம்மள்ல பாதிப் பேர் மாதிரி கொஸ்டின் பேங்க்கை மனப்பாடம் பண்ணியிருக்கு, அவ்வளவுதான். தூக்கிப் போட்டுட்டு எளிமையான வழிக்கு வந்தேன். அர்பாத் ஈலோன்னு ஹங்கேரியில பிறந்த ஒரு அமெரிக்கப் பேராசிரியர், செஸ் ஆட்டக்காரர்களை எடைபோடக் கண்டுபிடிச்ச வழி அது. ஜெயிச்சா எதிராளிகிட்டேர்ந்து பாயின்ட்டைப் பிடுங்கிக்கலாம். பெரிய தலையைச் சாய்ச்சா அள்ளிக்கலாம், சோப்ளாங்கியை அடிச்சா சில்லறைதான் கிடைக்கும். ஃபிஃபாவே 2018-லேர்ந்து தன்னோட ரேங்கிங்கை இந்த வழியிலதான் போடுது. ரெண்டு டீமோட பாயின்ட் வித்தியாசத்தை வெச்சு, யார் சராசரியா எத்தனை கோல் போடுவாங்கன்னு கணக்குப் போடணும். அப்புறம் பாய்ஸான் ஃபார்முலா. ஆமா, செகண்ட் இயர்ல 'இதெல்லாம் வாழ்க்கைக்கு எதுக்குடா'ன்னு திட்டிக்கிட்டே படிச்சோமே, அதே பாய்ஸான்!

பழைய மேட்ச்களை வெச்சு டெஸ்ட் பண்ணினேன். ஜெயிப்பு, தோல்வி, டிரான்னு மூணுல ஒண்ணைச் சொல்லச் சொன்னா, நூத்துக்கு அறுபதைத் தாண்டவே இல்லை. இன்னொரு கூத்து, என் மிஷின் வாயைத் திறந்து 'டிரா'ன்னு சொல்றதே அபூர்வம். மூணுல எதுக்கு வாய்ப்பு அதிகமோ அதைத்தானே சொல்லும்? ரெண்டு டீம் சமபலமா இருந்தாக்கூட ஏதோ ஒரு பக்கத்துக்கு டிராவை விடக் கொஞ்சம் அதிகமா வந்துடும். உலகத்துல அத்தனை மேட்ச் டிரா ஆகுது, எதுன்னு மட்டும் சொல்ல முடியாது.

சரி, மேட்டருக்கு வர்றேன். நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அர்ஜென்டினா - சவூதி அரேபியா. ஒரு பக்கம் ரேங்கிங்ல மூணாவது, தொடர்ந்து 36 மேட்ச் தோக்காத டீம், மெஸ்ஸி வேற. எதிர்ப்பக்கம் ரேங்கிங்ல 51. என் மிஷின் கணக்குல அர்ஜென்டினா சராசரியா 2.3 கோல், சவூதி 0.5 கோல். பாய்ஸான்ல போட்டா, அர்ஜென்டினா ஜெயிக்க 78, டிரா 15, சவூதி ஜெயிக்க 6. (கூட்டினா 99 தான் வருது, ரவுண்ட் பண்ணினதுல ஒண்ணு காணாமப் போச்சு. வைவாவுல கேட்டாங்க.)

இப்போ நான் பண்ணின வேலையைக் கேளுங்க. ஹாஸ்டல் போர்டுல தினமும் ஒரு கணிப்பு எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தேன். முதல் ரெண்டு நாளும் போட்டதெல்லாம் சரியா வந்துடுச்சு. மெஸ்ல எனக்குன்னு தனி மரியாதை. இட்லி ரெண்டு எக்ஸ்ட்ரா. செவ்வாய்க்கிழமை காலையில சாக்பீஸை எடுத்து, 'அர்ஜென்டினா!'ன்னு எழுதினேன். 78 இல்லை, 15 இல்லை, 6 இல்லை. ஒரே ஒரு வார்த்தை, பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி.

என் ரூம்மேட் அதைப் படிச்சான். படிச்சுட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, எக்ஸாம் ஃபீஸுக்கு வீட்டுலேர்ந்து அனுப்பின நாலாயிரத்தை ஏதோ ஒரு பெட்டிங் ஆப்ல கட்டிட்டான்.

நம்ம நேரத்துக்கு மதியம் மூன்றரை மணிக்கு மேட்ச். லேபைக் கட் அடிச்சுட்டு ஒரு மொபைலைச் சுத்திப் பத்துத் தலை. பத்தாவது நிமிஷம் மெஸ்ஸி பெனால்ட்டி, 1-0. "உன் மிஷினுக்குக் கோயில் கட்டலாம்டா" என்றான் ஒருத்தன். அதுக்கப்புறம் பந்து மூணு தடவை வலைக்குள்ள போச்சு, மூணும் ஆஃப்சைடு. சவூதி கோச் எர்வே ரெனார், தன் டிஃபன்ஸை நடு மைதானம் வரைக்கும் மேலே ஏத்தி நிறுத்தியிருந்தார். தைரியம்னா தைரியம்! கொஞ்சம் பிசகினா அஞ்சு கோல் வாங்கியிருப்பாங்க. என் டேட்டாவுல அந்த மாதிரி ஒரு காலமே கிடையாது. தேதி, டீம், ஸ்கோர், ஊர் அவ்வளவுதான். ஒரு கோச் ராத்திரி என்ன யோசிச்சார்ங்கிறதை எந்த எக்ஸெல் ஷீட்ல தேடுறது?

48-வது நிமிஷம் அல் ஷெஹ்ரி. 53-வது நிமிஷம் அல் தவ்சாரி, அந்த கோலை நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம். 2-1. ரூம்மேட் எழுந்து வெளியே போயிட்டான். அவனுக்கு மெஸ்ஸி மேல அவ்வளவு பாசம்னு நினைச்சேன். சவூதியில மறுநாள் நாட்டுக்கே லீவு விட்டாங்க. எங்க ரூம்ல ராத்திரிதான் விஷயம் தெரிஞ்சுது.

அன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும் கோடுல தப்பைத் தேடினேன். கிடைக்கலை. மறுநாள் கைடு கிட்ட, "சார், மிஷின் தப்பு"ன்னேன். "78-னு சொன்னது தப்புன்னு ஒரே மேட்ச்சை வெச்சு எப்படிச் சொல்ற?"ன்னு திருப்பிக் கேட்டார். "75-லேர்ந்து 80 வரைக்கும் உன் மிஷின் சொன்ன பழைய மேட்ச்களை எல்லாம் தனியாப் பிரிச்சு எடு. அதுல நிஜமாவே நாலுக்கு மூணுக்கு மேல ஜெயிச்சிருக்காங்களான்னு பாரு."

பார்த்தேன். கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்துச்சு. அஞ்சுல ஒரு தடவை காலை வாரும்னு அது ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு. போர்டுல எழுதின ஆளு அந்த ஒண்ணை அழிச்சுட்டான்.

இந்த விளையாட்டே அப்படித்தான் பாஸ். 2022 உலகக் கோப்பையில 64 மேட்ச், மொத்தம் 172 கோல். மேட்ச்சுக்கு மூணு கூட இல்லை. பாஸ்கெட்பால்ல ஒரு பந்து தவறினா அடுத்த நிமிஷமே ஈடுகட்டிடலாம். இங்கே ஒரு முழங்கால்ல பட்டுத் திரும்பின பந்து ஒன்றரை மணி நேரத்தையும் புரட்டிப் போட்டுடும். என் கணக்குப்படி அந்த மேட்ச்சுக்கு ரொம்ப வாய்ப்புள்ள ஸ்கோர் 2-0. அதுக்கே வாய்ப்பு 16 சதவிகிதம்தான்! நிஜத்துல வந்த 1-2 ஸ்கோருக்கு ரெண்டு சதவிகிதம்கூட இல்லை.

பெரிய இடத்துலயும் இதே கதைதான். 2018-ல கோல்ட்மேன் சாக்ஸ் ஆட்கள் மெஷின் லேர்னிங் வெச்சு பத்து லட்சம் தடவை உலகக் கோப்பையை கம்ப்யூட்டர்லயே நடத்திப் பார்த்தாங்க. பிரேசிலுக்குத்தான் கோப்பைன்னாங்க, ஃபைனல்ல ஜெர்மனியைச் ஜெயிக்கும்னாங்க. பிரேசில் காலிறுதியில காலி. ஜெர்மனி, கசான்ல தென் கொரியாகிட்ட 0-2 வாங்கி லீக்கோட பெட்டி கட்டிடுச்சு. ஆனா 2010-ல பால்னு ஒரு ஆக்டோபஸ் எட்டுக்கு எட்டு சரியா சொல்லுச்சு! ரெண்டு டப்பாவுல ஒண்ணைத் தொடணும், அவ்வளவுதான். எட்டும் சரியா வர 256-ல ஒரு வாய்ப்பு. உலகம் பூரா எத்தனை ஆடு, மாடு, கிளி கணிச்சிருக்கும்? தோத்த கிளியை யாரும் பேட்டி எடுக்கலை.

இந்த ஆக்டோபஸ் கணக்குதான் உங்க மொபைல்லயும் வருது. 'ஏஐ கணிப்பு, நூறு சதவிகிதம் கேரண்டி'ன்னு மெசேஜ் வருதில்ல? 1,600 பேருக்கு அனுப்புறான்னு வைங்க. பாதிப் பேருக்கு 'அ ஜெயிக்கும்', மீதிப் பேருக்கு 'ஆ ஜெயிக்கும்'. தப்பா வாங்கினவனை விட்டுட்டு, மீதி 800 பேருக்கு அடுத்தது. அப்புறம் 400, 200, 100. அந்த நூறு பேருக்கு அவன் நாலுக்கு நாலு சொன்ன தெய்வம்! அஞ்சாவது டிப்ஸுக்குத்தான் காசு கேட்பான். இதுக்கு மிஷினே தேவையில்லை. என் ரூம்மேட்டுக்கும் அப்படி ஒரு குரூப் இருந்துச்சு. என் போர்டும் அதுவும் ஒண்ணா சேர்ந்துதான் நாலாயிரத்தை முடிச்சுது.

பாதியை நான் கொடுத்தேன். மொதல்ல வாங்க மாட்டேன்னான். அப்புறம் வாங்கிக்கிட்டான், ஏன்னா ஃபைனோட கட்டக் கடைசி நாள் வந்துடுச்சு. மீதிக்கு அவங்க அக்காகிட்ட பொய் சொன்னான். என்ன பொய்னு எனக்குச் சொல்லலை. ஒரு பத்து நாள் எங்களுக்குள்ள பேச்சு கம்மி. போர்டுல அதுக்கப்புறம் மூணு எண்ணையும்தான் எழுதினேன். யாரும் நின்னு படிக்கலை, எக்ஸ்ட்ரா இட்லியும் நின்னுபோச்சு. மூணு எண்ணைப் படிச்சுட்டு யாருக்கு என்ன கிக்கு?

டிசம்பர் 18, ஃபைனல். லூசெய்ல் ஸ்டேடியம், சவூதிகிட்ட உதை வாங்கின அதே மைதானம். அதே அர்ஜென்டினா, பிரான்ஸுக்கு எதிரா. டிவி ரூம்ல இடமே இல்லை, ரூம்மேட் வந்து எனக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்தான். 79-வது நிமிஷம் வரைக்கும் அர்ஜென்டினா 2-0. பிரான்ஸ் கோல் பக்கமே சரியா வரலை.

"இப்போ உன் மிஷின் என்ன சொல்லும்?" என்றான். ரொம்ப நாள் கழிச்சு அவனா கேட்ட கேள்வி.

மனக்கணக்காப் போட்டேன். "தொண்ணூத்தெட்டு இருக்கும்டா."

80-வது நிமிஷம் எம்பாப்பே பெனால்ட்டி. வலையிலேர்ந்து பந்தை எடுத்து வெச்சு மூச்சு விடறதுக்குள்ள, மறுபடி எம்பாப்பே. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, 2-2. ரூம்ல ஒரு பாதி கத்துது, மறு பாதி தலையில கை வெச்சுடுச்சு.

அவன் மட்டும் டிவியைப் பார்க்காம என்னைப் பார்த்தான்.

"டேய்... அந்த மீதி ரெண்டு."