ஓடுதளமான நிலம்

மண்ணாடிப்பட்டு கொம்யூனுக்குத் தென்மேற்கே, உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து பயணிகள் விமானம் விட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது, இன்னும் நடக்கவில்லை.

அன்று மண்ணாடிப்பட்டு பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. உளுந்தூர்பேட்டை பிரிட்டிஷாரின் சென்னை மாகாணத்தில். 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. இந்தக் கரையைக் காக்கப் பல இடங்களில் ஓடுதளங்கள் தேவைப்பட்டன.

போருக்குப் பின் அவை போன வழி வேறு வேறு. சோழவரத்தில் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயம் நடந்தது. தஞ்சாவூரில் சில காலம் வாயுதூத் பயணிகள் விமானம் வந்தது. 2013-ல் அது விமானப்படைத் தளமாயிற்று. போருக்கென்று போட்ட தளம், போர் முடிந்ததும் வயலாகிவிடுவதில்லை.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. ஓடுதளம் போட முதலில் மேல்மண்ணை வழித்தெடுப்பார்கள். பிறகு சரளை கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்குவார்கள். அந்த இறுக்கத்தில் நீர் இறங்காது, வேர் ஓடாது. காங்கிரீட்டைப் பெயர்த்தாலும் பழைய மண் திரும்பாது.

இன்னொரு காரணம் காகிதத்தில் இருக்கிறது. 1939-ம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டப்படி அரசு நிலத்தை இரண்டு வகையில் எடுக்க முடிந்தது. ஒன்று, உரிமை உடையவரிடமே இருக்க, நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்துவது. மற்றது, உரிமையையே எடுத்துக்கொள்ளும் கையகப்படுத்தல். முதல் வகையில் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். இரண்டாவதில் இழப்பீட்டோடு உறவு முடிந்தது.

இது பழங்கதை அல்ல. லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுதளம் 1,500 மீட்டர்தான். பெரிய விமானம் இறங்க அதை நீட்ட வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் நிலம் வேண்டும். நாளை சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ எந்த ஊரிலும் அறிவிப்பு வரலாம்.

வந்தால், எடுப்பது தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா என்று முதலில் படித்துப் பாருங்கள். பட்டாவில் தாத்தா பெயரே இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். புல வரைபடம், இழப்பீட்டு ஆணை நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். 2013-ம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தின் 101-வது பிரிவு, எடுத்த நிலம் ஐந்து ஆண்டு பயன்படாமல் கிடந்தால் உரியவருக்கோ வாரிசுக்கோ அரசின் நில வங்கிக்கோ போக வேண்டும் என்கிறது. வாரிசு என்று காட்டக் கையில் காகிதம் வேண்டும்.