தகரத்தில் எழுதிய ஊர்

ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவர். அவை கிடையாதவிடத்துக் காணி உறுதியையும் பள்ளிவாசற் பதிவேட்டையும் புரட்டுவர். கடைவாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை எவரும் சான்றாகக் கொள்வதில்லை. வணிகன் தன் பொருளை விற்பதற்காக எழுதிவைத்த தகரம் அது. உப்புக்காற்றில் அரிபட்டு, ஒருநாள் கழற்றப்பட்டு, ஆட்டுக்கொட்டிலின் கூரையாகிவிடும். ஆயினும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களைப் பொறுத்தமட்டில், கடந்த இரண்டு மூன்று தலைமுறைகளின் சாதாரண வாழ்வு பெரிதும் இத்தகரங்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. மங்கிவரும் அப்பலகைகளையும் அவற்றின் பின்னே மங்கிவரும் சிறுதொழில்களையும் கமராவில் பதிந்துவைப்பது வெறும் பொழுதுபோக்கா, அன்றி ஆவணப் பணியா என்பது சிந்திக்கத்தக்கது.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் ஏ4 நெடுஞ்சாலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்களைக் கோத்துச் செல்கின்றது. ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றையது எங்கே தொடங்குகின்றது என்பதை வெளியூரார் எளிதில் அறியார். பலகைகளை வாசித்துச் செல்பவர் அறிவார். மருதமுனையின் பழைய பலகைகளில் மேல்மூலையில் 786 என்ற எண்ணோ இளம்பிறையோ இருக்கும். பாண்டிருப்பில் அவ்விடத்தைப் பிள்ளையார் சுழியோ தெய்வப் படமோ பெற்றுக்கொள்ளும். கல்முனைக் கடைத்தெருவில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவைக் கடந்து நிந்தவூருக்குள் நுழைந்ததும் 786 திரும்பிவிடும். மேல்மூலை மாறுகின்றது, அதன்கீழ் வரும் எழுத்து மாறுவதில்லை. நெடுகிலும் அது தமிழே. இரு சமூகங்களுக்கிடையே 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த கசப்புகளை அறிந்தவர்க்கு இவ்வுண்மை சிறியதாகத் தோன்றாது.

பெயர்ப்பலகைக்குத் தேதி இடும் வழக்கம் இல்லை. எனினும் அதன் காலத்தை ஓரளவு கணிக்க இயலும். கல்முனை என்ற பெயரின் ஈற்றெழுத்தே அதற்குத் துணை செய்கின்றது. தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டன. இலங்கையில் அம்மாற்றம் உடனே நிலைபெறவில்லை. கணினி எழுத்துருக்கள் பரவியபோதே அது முழுமையடைந்தது. மருதமுனை, பாலமுனை, அட்டாளைச்சேனை ஆகிய பெயர்களிலும் அவ்வெழுத்துகள் உண்டு. ஆதலின் ஊர்ப்பெயரில் துதிக்கை இருப்பின், எழுதிய கை பழைய அரிச்சுவடியில் பழகிய கை எனத் துணியலாம். 067 என்ற குறியீட்டையடுத்து ஏழு இலக்கங்கள் கொண்ட தொலைபேசி எண் இந்த நூற்றாண்டினது. மூன்று நான்கு இலக்கங்களோடு நின்றுவிடுவது அதற்கு முந்தியது. 786 என்பது ‘பிஸ்மில்லாஹ்’ எனத் தொடங்கும் திருவசனத்தின் அறபு எழுத்துகளுக்கு எண்மதிப்பிட்டுக் கூட்டிய தொகை. இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்னும் கருத்து அண்மைத் தசாப்தங்களில் வலுத்தமையால் புதிய பலகைகளில் அது அருகி வருகின்றது. எனவே, அதுவும் ஒரு காலக்குறிப்பே.

மொழிகளின் வரிசையும் கவனிக்கற்பாலது. 1956ஆம் ஆண்டின் ‘சிங்களம் மட்டும்’ சட்டமும், தமிழையும் அரசகரும மொழியாக்கிய 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தமும் அரச அலுவலகங்களின் பலகைகளைப் பற்றிப் பேசின. கடைப்பலகையில் வரிசையைத் தீர்மானித்தவர் முதலாளியே. தன் கடைக்கு யார் வருவர் என்று அவர் கருதினாரோ அவர்தம் மொழியை எழுதுவித்தார். வயல்வெளிக்கு அப்பாலுள்ள சிங்களக் குடியேற்றங்களிலிருந்து சந்தைக்கு வருவோரை எதிர்பார்த்தவர் சிங்களத்தில் ஒரு வரி சேர்த்தார். அதற்கு எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் அறபு எழுத்துப் பலகைகள் நாட்டில் சர்ச்சைப் பொருளாயின. அச்சர்ச்சையின்போது, முஸ்லிம் ஊர்களின் கடைத்தெருக்கள் இத்தனை காலமும் தமிழிலேயே தம்மை அறிமுகப்படுத்தி வந்தன என்பதற்குப் படச்சான்று காட்ட முற்பட்டிருப்பின், கையில் எத்தனை படங்கள் கிடைத்திருக்கும் என்பது கேட்கவேண்டிய வினாவாகும்.

இப்பலகைகளை எழுதியவர்கள் ஒரு தனி வகுப்பினர். தகரத்தை மரச்சட்டத்தில் அறைந்து, இரு தடவை பூச்சிட்டு, சுண்ணாம்பு தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு பதித்து, அக்கோடுகளுக்கிடையே எழுத்துகளைத் தூரிகையால் எழுப்பி, ஈற்றில் ஒருபுறம் நிழல் தீட்டுவர். நிழல் தீட்டிய எழுத்து தகரத்திலிருந்து விலகி நிற்பதுபோல் தோன்றும். கீழ்மூலையில் தம் பெயரைச் சிறிதாக இடுவதுண்டு. எழுதத் தெரிந்த மொழி ஒன்றாயினும் பலர் மூன்று மொழிகளிலும் எழுதினர். அறியாத மொழியின் எழுத்தைச் சித்திரமாகக் கண்டு வரைந்தனர். பழைய பலகைகளிற் காணப்படும் வினோதமான எழுத்துப்பிழைகள் பல இவ்வாறு பிறந்தவையே. பிளக்ஸ் அச்சு வந்தபின் ஒரு மணித்தியாலத்தில் பலகை ஆயத்தமாகிவிடுகின்றது. ஓவியரின் வேலை தேர்தற் சுவர்களிலும் பாடசாலை மதில்களிலும் சிலகாலம் நீடித்தது. பின்னர் அங்கும் குறைந்தது.

பலகை மங்குவதற்குப் பின்னே தொழில் மங்குதல் உள்ளது. மருதமுனையின் கைத்தறி இதற்குத் தக்க உதாரணம். பாவு ஓட்டுதல், சாயமிடுதல், நெய்தல் என ஒரு வீட்டின் ஆணும் பெண்ணும் சேர்ந்து இயங்கிய தொழில் அது. அதன் சாரமும் சேலையும் நாட்டின் பல பாகங்களிலும் விலைபோயின. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர் நெசவுக்கு அரணாக இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது அவ்வரண் வீழ்ந்தது. மலிவான இறக்குமதித் துணியோடு தறி போட்டியிட வேண்டியதாயிற்று. அதனைத் தொடர்ந்து வந்த போர், நூல் வருவதற்கும் துணி செல்வதற்கும் இருந்த வழிகளை இடையிடையே அடைத்தது. இன்றும் மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கின்றது. ஆனால் தெருவின் பொதுச்சத்தமாக அல்ல. தையற்கடையை ஆயத்த ஆடையும், வானொலி திருத்துமிடத்தையும் ஒலிநாடாப் பதிவு நிலையத்தையும் கைத்தொலைபேசியும், ஈய எழுத்துக் கோத்த அச்சகத்தைக் கணினியும் ஓரங்கட்டின.

இவற்றுள் படப்பிடிப்பு நிலையத்தின் கதை தனித்தன்மையுடையது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, அதுவரை ஒரு படமும் எடுத்திராத கிராமத்தவரும் கமராவின் முன் அமர வேண்டியதாயிற்று. சிறுநகர் ஸ்ரூடியோக்கள் அதனால் வளம்பெற்றன. வண்ணத்திரையும் மர நாற்காலியும் இருட்டறையும் கொண்ட அந்நிலையங்களுட் பல இன்று போட்டோப் பிரதி எடுக்கும் கடைகளாகிவிட்டன. ஒரு காலத்தில் ஊரின் முகங்களையெல்லாம் படமெடுத்த கடையை, இன்று யாரேனும் ஒருவர் கைத்தொலைபேசியாற் படமெடுத்தாலன்றி அதற்கே ஒரு படம் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி நிகழ்ந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரத் தெருக்களை அலை முதலில் விழுங்கிற்று. உயிர்களின் முன்னே பொருள்களைப் பேசுவது பொருந்தாது என்று அக்காலத்தில் எவரும் அவற்றைப் பேசவில்லை. ஆனால் ஆண்டுகள் கழிந்தபின் உறுதிப்பத்திரமும் கலியாணப்படமும் இல்லாத வீடுகளில் அவ்விழப்பு மெல்லத் தெரியவந்தது.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவன் ஒருவன் பெயர்ப்பலகைகளைப் படமெடுக்கத் தொடங்கியதற்கு இதுவே காரணம். சாய்ந்தமருதில் கடற்கரைக்கு அண்மையில் அவனுடைய மூத்தாப்பாவுக்குச் சில்லறைக்கடை ஒன்று இருந்தது. அலையில் மூத்தாப்பா தப்பினார், கடை தப்பவில்லை. அவர் காலமான பின் குடும்பத்தார் கூடியிருந்தபோது கடைப்பலகை பற்றிய பேச்சு எழுந்தது. பச்சை நிலத்தில் மஞ்சள் எழுத்து என்றார் உம்மா. நீல நிலத்தில் வெள்ளை எழுத்து என்றார் மாமா. ‘ஸ்டோர்ஸ்’ என்றே எழுதியிருந்தது என்றார் சாச்சா. ‘ஸ்ரோர்ஸ்’ என்றார் பெரியவாப்பா. நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் கண்ட பலகையைப் பற்றி நால்வர் நான்கு விதமாகக் கூறினர். ஈற்றில் சம்மாந்துறையிலிருந்த உறவினர் வீட்டில் ஒரு கலியாணப்படம் கிடைத்தது. மணமகனின் தோளுக்குப் பின்னே பலகையின் ஒரு மூலையும் அதில் இரண்டு எழுத்துகளும் தெரிந்தன. படம் கறுப்பு வெள்ளையாதலால் நிறம் பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை.

இத்தகைய பணிக்கு உலகில் முன்மாதிரிகள் உள. பாரிஸ் நகரின் பழைய கடைமுகப்புகளையும் வாசற்குறிகளையும் தெருத்தொழிலாளரையும் யூஜீன் அட்ஜே 1927இல் இறக்கும்வரை படமெடுத்து வந்தார். தம் வேலையைக் கலை என்று அவர் விளம்பரப்படுத்தவில்லை. தம் வாசற்பலகையில் ‘ஓவியர்களுக்கான ஆவணங்கள்’ என்றே எழுதியிருந்தார். அமெரிக்காவில் ஜோன் மார்கோலிஸ் என்பவர் 1969 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெருந்தெருவோர உணவுக்கடைகளையும் எரிபொருள் நிலையங்களையும் அவற்றின் பலகைகளையும் பதிவுசெய்தார். 11,710 வண்ணப்படங்களைக் கொண்ட அத்தொகுதி அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் யாவரும் பயன்படுத்தத்தக்கதாக வைக்கப்பட்டுள்ளது. இருவரும் படமெடுத்தவை அக்காலத்தில் அற்பமென எண்ணப்பட்டவையே. எனினும் கல்முனைக் கரையின் நிலைமை வேறு. பாரிசின் பழமை நகர விரிவாக்கத்தால் அழிந்தது. அமெரிக்கப் பெருந்தெருவின் பழமை புதிய அதிவேகப் பாதைகளால் அழிந்தது. இங்கோ சந்தை, போர், கடல் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்தன.

போர்க்காலத்தில் தெருவில் கமராவைத் தூக்குவதே ஆபத்தான காரியம். 2009இல் போர் முடிந்தபின்னும் அவ்வச்சம் முற்றாக நீங்கவில்லை. 2019இன் பின்னர் அது புதுப்பிக்கப்பட்டது. கடையைப் படமெடுப்பவன் வரி அதவிடும் அலுவலரோ, காணித் தரகனோ என்ற ஐயமும் உண்டு. ஆகவே இவ்வேலை கமராவோடு தொடங்குவதன்று, ஸலாத்தோடு தொடங்குவது. மேற்சொன்ன மாணவன் கல்முனையில் ஒரு பழைய புடவைக்கடையின் முன் நின்று, “ஹாஜியார், இந்தப் போர்டைப் படம் எடுக்கலாமா?” என்று கேட்டான். “என்னத்துக்கு மகன்?” என்றார் முதியவர். “எழுத்துக்காக” என்றான். அவர் சற்றுநேரம் அவனைப் பார்த்துவிட்டு, “அப்ப உள்ளுக்கு வாங்க” என்று கூறி, அலுமாரியின் பின்னே சாத்திவைத்திருந்த அதற்கு முந்திய பலகையை வெளியே எடுத்தார். வெளியே நின்று தொலைவிலிருந்து எடுத்துச் சென்றிருப்பின் அப்பலகை எவர் கண்ணிலும் பட்டிராது.

வெளிச்சத்திலும் ஒரு முறையுண்டு. பெருந்தெரு கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடுவதால், கடலை நோக்கிய கடைகளுக்குக் காலை வெயிலும், எதிர்ப்புறக் கடைகளுக்கு மாலை வெயிலும் நேரே விழும். மங்கிய எழுத்தை வாசிக்கத்தக்கதாக எடுக்க அவ்வேளைகளே உகந்தவை. பலகையை மட்டும் எடுத்தாற் போதாது. பலகைக் கதவின் ஒவ்வொரு பலகையிலும் வரிசை தவறாதிருக்க இட்ட இலக்கங்களையும், தராசையும், தையல் மேசையையும், முதலாளி சம்மதித்தால் அவரையும் எடுத்தல் வேண்டும். எழுதியவர் யார், எந்த ஆண்டு, கடைக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பவற்றைப் படத்தோடு குறித்துக்கொள்ளல் வேண்டும். குறிப்பில்லாத படம் இருபது ஆண்டுகளின் பின் வெறும் துருவின் படமாகிவிடும்.

இதனைப் பழமை மோகம் என்று கண்டிப்போர் உளர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. உரிந்த வர்ணத்தையும் வெறிச்சோடிய கடையையும் அழகுப் பொருளாக்கி ரசிப்பது, அக்கடைக்காரரின் நட்டத்தை ரசிப்பதாகும். அவர் புதிய பலகை மாட்ட விரும்பினால் அது அவர் உரிமை. பழைய பலகைக்காக அவர் வறியவராயிருத்தல் வேண்டும் என்று எவரும் கோர முடியாது. ஆனால் கடை மூடப்படுவதைத் தடுக்க இயலாதபோதும், அது இருந்தது என்பதை மறவாதிருக்க இயலும். அந்நோக்கம் உடையவர் இன்றைய பிளக்ஸ் பலகையையும் ஒதுக்காது படமெடுப்பர். சில ஆண்டு வெயிலிலே வெளிறிவிடும் பிளக்ஸ், தகரத்தைவிட விரைவில் மறைவது.

எடுத்த படங்கள் தொலைபேசிகளில் கிடந்தால் தொலைபேசியோடு அவையும் போய்விடும். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகத் திட்டம், ஒளிப்படங்களுக்கும் ‘ஆவணகம்’ என்ற தளத்தில் இடம் வைத்திருக்கின்றது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்று ஊருக்கு இருவராக மாணவரைப் பிரித்து, மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை ஒரு விடுமுறைக் காலத்தில் இதனைச் செய்து முடித்தல் கூடும். பெருஞ்செலவு எதுவும் இல்லை. வடகீழ்ப் பருவமழை ஆண்டுதோறும் எஞ்சிய வர்ணத்தில் ஒரு பகுதியைக் கழுவிச் செல்கின்றது. முதிய முதலாளிகள் முந்திய பலகைகள் எங்கே கிடக்கின்றன என்பதை இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர். அவர்களிடம் கேட்பதற்கு அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டியதில்லை.