இராசாளிக்கு ஒரு பாஸ்போர்ட்

அபூதாபி விமான நிலையத்திற்கு அப்பால், ஸுவைஹான் சாலையில், 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இராசாளி மருத்துவமனை உள்ளது. அந்நகரில் பணிபுரியும் நம்மூர்த் தம்பி ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். காத்திருப்புக் கூடத்தில் நோயாளிகள் வரிசையாக அமர்ந்திருந்தனர், யாவும் பறவைகள்! அல்மாயிதா அத்தியாயத்தின் 4-ஆம் வசனத்தை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நான், வேட்டைக்குப் பயிற்றப்பட்ட பறவையை அன்றுதான் நேரில் கண்டேன்.

கண்களை மறைக்கும் தோல் தொப்பியை அரபியர் ‘புர்கஃ’ என்பர். அதை அணிவித்ததும் இராசாளி அடங்கிவிடுகிறது. விமானத்திலும் இதே ஏற்பாடுதான். வளைகுடா விமானங்கள் சிலவற்றில் அது சரக்கறைக்குச் செல்வதில்லை. உரிமையாளருடன் பயணிகள் பகுதியிலேயே செல்கிறது.

ஆனால், பாஸ்போர்ட் வேண்டும். அமீரகத்தில் காட்டுயிர் வேட்டைக்குத் தடை இருப்பதால், பாகிஸ்தான், மொராக்கோ முதலிய நாடுகளுக்குக் கொண்டு செல்கின்றனர். இப்போக்குவரத்தின் மறைவில், காட்டில் பிடித்த பறவைகளும் கடத்தப்பட்டன. அதைத் தடுக்கவே 2002-இல் இந்த ஏடு வந்தது. மூன்றாண்டுகள் செல்லும். காலில் பூட்டிய வளையத்தின் எண் அதில் பதிவாகியிருக்கும்.

ஓர் அரபியர் தம் பறவையின் ஏட்டைப் பெருமையுடன் விரித்துக் காட்டினார். தம்பி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். அவருடைய பாஸ்போர்ட் முதலாளியின் பூட்டிய அலமாரியில் இருந்தது.