ஒரே லேப்டாப், ரெண்டு வாசல்!

ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? ஆன் செய்ததும், 'விண்டோஸா, பாஸ் லினக்ஸா?' என்று கேட்கும். அப்படிக் கேட்கிற குட்டி புரோகிராம்தான் பூட்லோடர். கல்லணையில் ஒரே தண்ணீரைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் புது ஆற்றுக்கும் ஷட்டர்கள் திருப்பிவிடுகிற மாதிரி.

பல வருடம் கழித்து எங்கள் தஞ்சாவூர் வீட்டில் அதற்கு வேலை வந்தது. அண்ணன் விட்டுப்போன 2012 மேக்புக் புரோ. 2019-ல் வந்த கேட்டலினாவோடு அதற்குப் புதுப் பதிப்புகள் நின்றுவிட்டன. பிரவுசர் பழசாகி, ஆபீஸ் தளங்கள் திறக்கவே இல்லை. மொத்தமாக அழித்து லினக்ஸ் போடுவது சுலபம். ஆனால், அதில்தான் அப்பாவின் கடைசிப் பொங்கல் படங்கள். பென் டிரைவில் ஏற்றிக் காட்டினேன். "இருக்கட்டும்டா, எனக்கு இதுலயே பார்க்கணும்" என்றார் அம்மா.

சரி, இரண்டும் இருக்கட்டும். டிஸ்க்கில் 100 ஜிபி ஒதுக்கி, ஆப்ஷன் கீயை அழுத்தியபடி ஆன் செய்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபைதான் படுத்தியது. பிராட்காம் சிப்புக்கு டிரைவர் தனியாக இறக்க வேண்டும். இறக்க நெட் வேண்டுமே! போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்துச் சமாளித்தேன். வாசலில் நின்று கேட்க ரெஃபைண்ட் என்கிற இலவச புரோகிராம். மேக்கை வழக்கம்போலத் திறந்து இதை நிறுவ அதன் பாதுகாப்பு விடாது. கமாண்ட், ஆர் இரண்டையும் அழுத்தி ரிக்கவரிக்குள் போக வேண்டும்.

இப்போது ஆன் செய்தால் ஆப்பிளும் மின்ட்டும் பக்கத்துப் பக்கத்தில். அம்மாவுக்கு ஆப்பிள். எனக்கு மின்ட், இதை டைப் செய்வதும் அதில்தான். உங்கள் மேக் 2018-க்குப் பிந்தையது என்றால் பொறுங்கள்: டி2 சிப் உள்ளவற்றில் செக்யூரிட்டி செட்டிங்கைத் தளர்த்தினால்தான் லினக்ஸ் உள்ளேயே வரும்.