16 வயதில் ஏறும் பெயர்

சென்ற மாதம் மாணவர் கூட்டம் ஒன்றில் பேசினோம். பாலியல் குற்றம் செய்த சிறுவர்களின் பெயரை ஆயுள் முழுக்கப் பதிவேட்டில் வைத்திருக்கக் கூடாது என்றோம். தங்கை ஒருவர் எழுந்து கேட்டார்: "பாதிக்கப்பட்டது நம்ம சேரிப் பொண்ணா இருந்தாலும் இதையேதான் சொல்வீங்களா?"

நியாயமான கேள்வி. வன்கொடுமைக்கு ஆளான பெண்களோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவர்கள் நாங்கள். எஃப்.ஐ.ஆர். போட வைப்பதே பெரும் போராட்டமாக இருக்கிறது. அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறோம்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 24: சிறுவயதில் செய்த குற்றம் பிற்காலத்தில் தகுதியிழப்பு ஆகாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும். ஆனால் 16 வயது நிரம்பி, கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டு, குற்றம் உறுதியானவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

2018 செப்டம்பரில் ஒன்றிய அரசு பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே அதைப் பார்க்கலாம். எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம், கடும் குற்றம் என்றால் 14 வயதுச் சிறுவரையும் பதிவேட்டில் சேர்க்கச் சொல்கிறது. சிறுவர்களை ஆயுள் முழுக்கப் பதிவேட்டில் வைப்பது செல்லாது என 2014இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுத்துப் பேச வாய்ப்பே தராமல், 'இவர்கள் மீண்டும் செய்வார்கள்' என்று சட்டம் முடிவுகட்டுவதை அது ஏற்கவில்லை.

பதிவேடு நமக்குப் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் குறவர்களும் கள்ளர்களும் ரேகை வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் போனது. குறவர் தெருவைப் பார்க்கும் போலீஸ் பார்வை இன்னும் போகவில்லை. காதலித்த தலித் பையன்மீது பெண் வீட்டார் கொடுத்த போக்சோ புகார்களையும் பார்த்திருக்கிறோம். எவர் பெயர் முதலில் ஏறும் என்று சொல்லவும் வேண்டுமா?

உண்மையிலேயே குற்றம் செய்த பையனுக்கும் சேர்த்தே பேசுகிறோம். விசாரணை, தண்டனை, கண்காணிப்பு, மனநலச் சிகிச்சை எல்லாம் வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றம் மறுஆய்வு செய்து, திருந்தியவரின் ஆவணத்தை அழிக்கவும் வழி வேண்டும். சிறார் பெயர் எதுவும் பொதுப் பதிவேட்டில் ஏறக் கூடாது.

பாதிக்கப்பட்ட சிறுமியின் தாய் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "அவன் பேரை எழுதி வெச்சா எம்பொண்ணு தூங்கிடுவாளா? அவளுக்கு என்ன செய்யப் போறீங்க?" இழப்பீடு, ஆற்றுப்படுத்தல், நின்றுபோன படிப்பு. அரசிடம் நாம் முதலில் கேட்க வேண்டியவை இவை. தங்கைக்கு எங்கள் பதிலும் இதுதான்: ஆம், நம் சேரிப் பெண்ணாக இருந்தாலும்.