அம்மாச்சிக்கு ஒரு படச் சீட்டு

"பாவாடை கட்டியிருக்கு, கையும் காலும் குச்சி குச்சியா இருக்கு. இது சின்னப் பிள்ளைங்க போற இடம், தாயி!"

விமான நிலையத்தில் பெண்கள் கழிப்பறைக்கு வெளியே மாட்டியிருக்குமே ஒரு பொம்மைச் சித்திரம், அதைப் பார்த்து என் தாயார் சொன்ன அபிப்பிராயம் இது. சகல தேசத்தாருக்கும் விளங்கும் என்று போட்ட படம். வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் வாழ்க்கைப்பட்டு, மூன்று பெண்களைக் கரையேற்றிய என் அம்மாவுக்கு விளங்கவில்லை!

சங்கதி இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு ஐப்பசியில் பிரசவம். அம்மா போயே ஆகவேண்டும். துணைக்குப் போக அக்காவிடம் பாஸ்போர்ட் இல்லை. எனக்கோ தீபாவளி மலர் வேலை; லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஆகவே அம்மா தன்னந்தனியாகத் திருச்சியில் விமானம் ஏறுவதென்று முடிவாயிற்று.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வழி தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். மொட்டைக் கோபுரம் எந்தக் கைப்பக்கம் இருக்கிறதென்று பார்த்தே, மாசி வீதிகளில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் வெளியே வந்துவிடுவாள். ஓட்டுப் போடப் போனால் சின்னத்தைப் பார்த்துப் போட்டுவிட்டு வருவாள். அம்மாவைப் போன்றவர்களை நம்பித்தானே இந்தத் தேசத்தில் தேர்தலே ஆரம்பமாயிற்று? 1951-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித் தனிப் பெட்டி வைத்து, அதன் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். காரியம் நடந்தது!

இந்தத் தைரியத்தில்தான் அக்கா மகள் களத்தில் இறங்கினாள். அவள் தங்கை வீட்டில் தங்கிச் சிங்கப்பூரில் வரைகலை படிக்கிறாள். வகுப்பில் சீனப் பெண்கள், மலாய்ப் பையன்கள், இன்னும் பல தேசத்துப் பிள்ளைகள். பாஷை வேறான ஜனங்களுக்குப் படத்தால் வழி காட்டுவது எப்படி என்பதுதான் அவளுக்கு அப்போது நடந்துகொண்டிருந்த பாடம். "அம்மாச்சிக்கு ஒரே நாளில் எல்லாப் படத்தையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் சித்தி" என்றாள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியபடி பரீட்சை ஆரம்பமாயிற்று.

"அம்மாச்சி, இது பொம்பளைங்க கக்கூஸ்!"

"பொம்பளைன்னா சேலை எங்கே? பக்கத்துல கால்சட்டை போட்டு நிக்கிறது யாரு?"

"ஆம்பளை."

"அப்போ நீ எந்தப் பக்கம் போவே? நீயும் கால்சட்டைதானே மாட்டியிருக்கே?"

கெட்டிக்காரப் பெண் வாயடைத்துப் போனாள். அடுத்து, சாப்பாட்டுக் கடைக்கு அடையாளமான கத்தியும் முள்கரண்டியும். "கறிக்கடை" என்றாள் அம்மா. விசாரிக்கும் இடத்துக்கு அடையாளமான ஆங்கில 'ஐ' எழுத்தைக் காட்டினாள். "மெழுகுவத்தி. மாதா கோயிலா?" 'நேரே போ' என்று மேலே பார்க்கும் அம்புக்குறி: "மாடிக்குப் போகணும்."

ஒன்றே ஒன்றில்தான் அம்மாவுக்கு வெற்றி. பணம் மாற்றும் இடத்துக்காகப் பேத்தி வரைந்த ரூபாய்க் குறியைப் பார்த்தவுடன், "இது பணம்! நோட்டுல தினம் பார்க்கிறேனே" என்றாள்.

அந்தக் குறியை வரைந்தவரும் ஒரு மாணவர்தான், தெரியுமோ? கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார், பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். மூவாயிரத்துக்கு மேல் வந்த சித்திரங்களில் அவருடையதை மத்திய அரசு 2010 ஜூலை 15-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. தேவநாகரி 'ர'வையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக இழைத்தது அது. அம்மாவுக்கு இரண்டு எழுத்துமே தெரியாது. ஆனால் சுருக்குப்பையில் தினமும் அதன் முகத்தைப் பார்க்கிறாள்!

பரீட்சை எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அன்று இரவு அம்மா அடுப்பங்கரையிலிருந்தே சொன்னாள்: "நான் போகலைடி. அத்தனை பேருக்கு நடுவுல முழிச்சுக்கிட்டு நிக்கணுமா? நான் தொலைஞ்சு போய், பிள்ளை பெத்தவ என்னைத் தேடணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுத்தை விற்றுச் சாப்பிடுகிறவள் நான். நான் எழுதியதில் ஒரு வரியையாவது அம்மா படித்ததில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு 'அ', ஒரு 'ஆ' சொல்லிக் கொடுக்க எனக்கும் தோன்றவில்லை. சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று என்று பெருமைப்படுகிறோம். படிக்கத் தெரியாதவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

விஷயத்தைச் சொன்னதும் பெண் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லோருக்கும் புரியும் படம் என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன் சித்தி. அந்த எல்லோரிலும் நம்ம அம்மாச்சி இல்லை" என்றாள்.

படம் போட்டவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு 93 தேசத்தார் வந்தார்கள். அவர்களுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது. உள்ளூராருக்கு அவர்கள் பாஷை தெரியாது. கட்சுமி மசாரு என்பவரின் யோசனைப்படி இளம் சித்திரக்காரர்கள் கூடி விளையாட்டுக்கும் கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் படங்கள் வரைந்தார்கள். உரிமை எதுவும் வேண்டாமென்று உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1974-ல் விமான நிலையங்களுக்கும் மற்றப் பிரயாண இடங்களுக்குமாக 34 படங்களும், 1979-ல் இன்னும் 16 படங்களும் தயாராயின. எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் படமும் புது மனுஷரைப் போலத்தான். யாராவது அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது.

அந்த அறிமுகத்தைத்தான் பேத்தி செய்தாள். ஒரு வாரம் தினமும் அம்மாவைக் கேட்டுக் கேட்டு வரைந்தாள். அச்சடித்துத் தபாலில் வந்த சீட்டில் இடப்பக்கம் விமான நிலையத்துப் படம். வலப்பக்கம் அம்மாச்சியின் படம். பாவாடைப் பொம்மைக்கு எதிரே சேலை கட்டிக் கொண்டை போட்ட அம்மாள். கத்திக்கும் கரண்டிக்கும் எதிரே வாழை இலை. மெழுகுவத்திக்கு எதிரே, கேட்டால் பதில் சொல்லும் பெண். மேல்நோக்கிய அம்புக்கு எதிரே, நேராகப் போகும் வண்டிப்பாதை. பெட்டி எடுக்கும் இடத்துக்குப் பெட்டி. அதற்கு மட்டும் அம்மா மாற்றம் கேட்கவில்லை. பின்புறம் தங்கையின் டெலிபோன் நம்பர், நான்கு மொழிகளில்.

அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திருச்சியில் வழியனுப்பும்போது, அவள் கலங்கவில்லை, நான்தான் கலங்கினேன்.

நாலு மணி நேரப் பிரயாணம். அன்று இரவு தங்கை பேசினாள்: "அம்மா வெளியே வரும்போது கூடவே ஒரு சீனத்துப் பாட்டி வந்தாங்க அக்கா!" பெட்டி எடுக்கும் இடம் தெரியாமல் அந்தப் பாட்டி திகைத்து நின்றாளாம். அம்மா சீட்டை எடுத்துப் பெட்டிப் படத்தைத் தொட்டுக் காட்டினாளாம். பாட்டி தலையாட்டினாளாம். இருவரும் அதே படம் மாட்டியிருந்த பக்கமாகக் கைகோத்து நடந்தார்களாம். ஒரு வார்த்தை பேச்சில்லை. பேசினாலும் புரியப் போவதில்லை!

தை மாதம், பேரனைக் கொஞ்சிய கையோடு அம்மா திரும்பி வந்தாள். எதிர்வீட்டு மாமி மலேசியாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறாளாம். சீட்டை இரவல் கேட்டாள். அம்மா உடனே கொடுக்கவில்லை.

"இதுல ஒரு குறை இருக்கு. நகரும் படியில சேலை மாட்டிக்கிடும்னு படத்துல எவளும் சொல்லலை. எனக்கு உசிரே போயிருச்சு. பேத்தியைக் கூப்பிடு, கொசுவத்தைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி ஒரு பொம்பளையைப் போடச் சொல்லு. அப்புறம் கொடுக்கலாம்."

கூப்பிட்டோம். இரண்டாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் நானும் ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். 'அ' எப்படி இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டேன். "தும்பிக்கையைச் சுருட்டின ஆனை மாதிரி" என்றாள். எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே!